'சாரி' சொன்னால் மன்னிப்பு கேட்டதாக ஆகிவிடுமா?

ஆங்கிலமே தெரியாது என்று சொல்பவர்கள்கூட ஒரு நாளைக்கு நாலு தடவை 'சாரி' சொல்லிவிடுவார்கள். பஸ்ஸில் காலை மிதித்தால் சாரி, ராங் நம்பர் என்றால் சாரி, சில்லறை இல்லை என்பதற்கும் சாரி. இவ்வளவு பழகிய வார்த்தை என்பதாலேயே யாரும் இதை உட்கார்ந்து படிப்பதில்லை. அப்புறம் ஒரு வெளிநாட்டு கிளையண்டோடு போனில் பேசும்போது அவர் திடீரென்று "சாரி?" என்பார், இவர் எதற்கு நம்மிடம் மன்னிப்பு கேட்கிறார் என்று நாம் முழிப்போம். அல்லது நம் வீட்டில் யாரோ இறந்த செய்தி கேட்டு அவர் "ஐ ஆம் சாரி" என்பார், நாம் "பரவாயில்லை, இட்ஸ் ஓகே" என்று பதில் சொல்லி வைப்போம்.

பிரச்சினை எங்கே என்றால், நம் தலையில் சாரி என்றால் மன்னிப்பு என்று பதிந்திருக்கிறது. அதை முதலில் கழற்றி வையுங்கள். அந்த இடத்தில் 'வருத்தம்' என்று வைத்துப் பாருங்கள், இந்த வார்த்தையின் பாதிக் குழப்பம் அப்போதே போய்விடும். தூர்தர்ஷன் காலத்து ஆட்களுக்கு 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை ஞாபகம் இருக்கும். அதில் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. படம் நின்றுபோனதில் எங்களுக்கும் வருத்தம், அவ்வளவுதான். யார் மேல் தப்பு, யார் ஒயரைப் பிடுங்கினார்கள் என்பதெல்லாம் அந்த அட்டையில் கிடையாது. ஆங்கில சாரியின் அடிப்படைப் பொருளும் இதேதான்.

இலக்கணப்படி சாரி ஒரு பெயரடை. 'ஹாப்பி', 'சாட்', 'ஆங்ரி' எந்தக் கூட்டமோ அதே கூட்டம். "ஐ ஆம் ஹாப்பி" என்றால் நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், "ஐ ஆம் சாரி" என்றால் நான் வருத்தமாக இருக்கிறேன். அதாவது பேசுகிறவரின் மனநிலையைச் சொல்லும் வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் வலி, புண் என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது இது. தொண்டை வலிக்கு 'சோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'சோர்'தான் இதன் உண்மையான உறவு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் 'சாரோ', அதாவது துயரம் என்ற சொல், வேறு வேரிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் இருந்து இருந்து ஜாடை ஒன்றாகிவிட்டது, அவ்வளவே.

இது மனநிலைச் சொல் என்பது புரிந்தால், நாம் வழக்கமாகச் செய்யும் சில தவறுகள் தானாகவே விழுந்துவிடும். தமிழில் 'சாரி கேட்டான்' என்கிறோம், ஏனென்றால் மன்னிப்பைக் கேட்போம். அதை அப்படியே ஆங்கிலத்தில் "ஹி ஆஸ்க்ட் சாரி" என்று போட்டால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. வருத்தத்தைக் கேட்டு வாங்க முடியாது, சொல்லத்தான் முடியும். "ஹி செட் சாரி" என்பதுதான் சரி. அதேபோல "ஐ சாரி" என்று நடுவில் 'ஆம்' இல்லாமல் எழுதுவதும் தப்பு, "ஐ ஹாப்பி" என்று எழுதமாட்டோம் இல்லையா. வெறும் "சாரி" என்று ஒற்றையாகச் சொல்லலாம், அது பேச்சு வழக்கு. முழு வாக்கியம் என்று இறங்கிவிட்டால் 'ஆம்' வேண்டும். இன்னொன்று, 'அபாலஜைஸ்' வினைச்சொல். அதனால் "ஐ அபாலஜைஸ்" போதும், "ஐ ஆம் அபாலஜைஸ்" என்பது அலுவலக மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் கொடுமை. மன்னிப்பு என்ற பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'அபாலஜி'.

அளவு சொல்வதில் நாம் தடுமாறுவதற்கு அதிகம் இல்லை. 'வெரி சாரி', 'ரியலி சாரி', 'சோ சாரி' எல்லாம் நன்றாகவே இருக்கும். 'டெரிப்ளி சாரி', 'ஆஃபுலி சாரி' என்பவை பிரிட்டிஷ் வாடை அடிக்கும், நம் வாயில் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும். 'டூ சாரி', 'மச் சாரி' கிடையாது.

சாரிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்

இந்த வார்த்தையின் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்கு அடுத்து வரும் குட்டிச் சொல்தான்.

'சாரி அபவுட்' என்றால் ஏதோ ஒரு விஷயம் குறித்து வருத்தம். "சாரி அபவுட் த நாய்ஸ்", "சாரி அபவுட் யெஸ்டர்டே". பெரும்பாலும் சின்னச் சின்ன தொந்தரவுகளுக்கு. மேல் வீட்டில் டிரில்லிங் மெஷின் ஓடுகிறது, கீழ் வீட்டுக்காரரைப் படியில் பார்க்கிறீர்கள், அப்போது சொல்வது.

'சாரி ஃபார்' வந்து அடுத்து ஒரு செயல் வந்தால் அது நாம் செய்த காரியம். "சாரி ஃபார் ஷவுட்டிங்", "சாரி ஃபார் த டிலே". இங்கேதான் சாரி நிஜமாகவே மன்னிப்புக்குப் பக்கத்தில் வருகிறது, ஏனென்றால் செய்தது யார் என்று வாக்கியத்துக்குள்ளேயே தெரிகிறது.

அதே 'சாரி ஃபார்' வந்து அடுத்து ஓர் ஆள் வந்தால் கதையே மாறிவிடும். "ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்" என்றால் அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று அர்த்தம். மேனேஜரிடம் தப்பை ஒத்துக்கொள்ளப் போய் உணர்ச்சி மேலிட்டு "ஐ ஃபீல் சாரி ஃபார் யூ" என்று எழுதினால், 'உங்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது சார்' என்று எழுதியதாகத்தான் அவர் படிப்பார். இதில் வரும் ஆபத்து நிஜமானது, ஏனென்றால் தமிழில் 'உங்களுக்கு ஒரு சாரி' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு 'ஃபார் யூ' சுலபமாக வந்துவிடும். ஓர் ஆளிடம் மன்னிப்பு கேட்டேன் என்று சொல்ல "ஐ செட் சாரி டு ஹிம்" அல்லது "ஐ அபாலஜைஸ்ட் டு ஹிம்". நேரில் அவரிடமே சொல்லும்போது ஆளைக் குறிப்பிடவே வேண்டாம், "ஐ ஆம் சாரி" போதும். தன்னைத்தானே நினைத்துப் பரிதாபப்பட்டு மூலையில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "ஸ்டாப் ஃபீலிங் சாரி ஃபார் யுவர்செல்ஃப்" என்பார்கள். நம்மூரில் 'சும்மா அழுதுகிட்டு கிடக்காத' என்று அதட்டுவோமே, அந்தத் தொனி.

'சாரி டு' அடுத்து வினைச்சொல் வந்தால், இப்போது நடக்கிற அல்லது நடக்கப்போகிற ஒன்றுக்கு. கதவைத் தட்டிக்கொண்டே "சாரி டு டிஸ்டர்ப் யூ" என்கிறோம், தொந்தரவு அந்த நொடியில்தான் தொடங்குகிறது. நேற்று செய்த தொந்தரவுக்கு "சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ யெஸ்டர்டே". இந்த வித்தியாசம் நுணுக்கமானது, மாற்றிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் சரியாகச் சொல்கிறவரின் ஆங்கிலம் உடனே காதில் நன்றாக விழும். கெட்ட செய்தி சொல்லத் தொடங்கும்போது "ஐ ஆம் சாரி டு சே", வேலை கிடைக்கவில்லை என்று வரும் கடிதத்தில் "வீ ஆர் சாரி டு இன்ஃபார்ம் யூ". இதிலெல்லாம் எழுதியவர் தப்பு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை கொடுக்காததற்கு அவர் மன்னிப்பு கேட்கிறார் என்று நம்பி பதில் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

'சாரி இஃப்' என்று வந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். "ஐ ஆம் சாரி இஃப் எனிவன் வாஸ் ஹர்ட்" என்பது பிரபலங்களும் அரசியல்வாதிகளும் உலகம் முழுக்க விரும்பும் வாக்கியம். யாராவது புண்பட்டிருந்தால் வருத்தம். புண்பட்டார்களா என்பதே அதில் சந்தேகத்தில் இருக்கிறது, புண்படுத்தியது யார் என்பது இல்லவே இல்லை. இதைவிட மோசம் "ஐ ஆம் சாரி யூ ஃபீல் தட் வே". 'உனக்கு அப்படித் தோன்றினால் நான் என்ன செய்ய' என்பதன் கோட்டு சூட்டு போட்ட வடிவம். சண்டையை முடிக்க நினைத்து இதைச் சொன்னால் சண்டை இரண்டாம் சுற்றுக்குப் போகும். என்னைக் கேட்டால் இதற்குப் பதில் பேசாமல் இருந்துவிடுவது மேல்.

துக்கத்தில் சொல்லும் சாரி

"ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்". யாராவது இறந்துவிட்டால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் சொல்லும் முதல் வாக்கியம் கிட்டத்தட்ட இதுதான். நம் வழக்கத்தில் துக்க வீட்டுக்குப் போனால் பேச்சு குறைவு. கையைப் பிடித்துக்கொள்வோம், பக்கத்தில் உட்காருவோம், 'எப்ப நடந்துச்சு' என்று மெதுவாகக் கேட்போம். வாட்ஸ்ஆப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதுவோம், ஆனால் அதை நேரில் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அதனால் ஒருவர் நேருக்கு நேர் நின்று "ஐ ஆம் சாரி" என்றால் நமக்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை. பதில் ரொம்பச் சுலபம்: "தேங்க் யூ". அவ்வளவுதான். 'இட்ஸ் ஓகே' என்று சொன்னால் குற்றமில்லை, ஆனால் அது அவர் ஏதோ தப்பு செய்து நாம் மன்னித்தது போன்ற ஒலியைக் கொடுத்துவிடும். "வை ஆர் யூ சாரி, இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட்" என்று விளக்கம் கேட்பது இன்னும் சங்கடம்.

மரணம் மட்டுமில்லை. காய்ச்சல், வேலை போனது, விவாகரத்து, பரீட்சையில் தோற்றது எதைச் சொன்னாலும் "ஓ, ஐ ஆம் சாரி டு ஹியர் தட்" என்பார்கள். தமிழில் நாம் 'அடடா', 'அச்சச்சோ', 'ஐயோ பாவம்' என்று சொல்கிற இடம் இது. நாம் ஆங்கிலத்தில் பேசும்போது இந்த இடத்தில் 'ஓ, ஓகே' என்று விட்டுவிடுகிறோம், கேட்பவருக்கு அது கல்நெஞ்சம் மாதிரித் தெரியும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பழக்கிக்கொண்டால்கூட போதும், வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் பேச்சே இதமாகிவிடும். ஆனால் 'டு ஹியர்' என்றால் கேள்விப்பட்டதில் என்று பொருள், அதனால் சம்பவத்தை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படிச் சொன்னால் பொருந்தாது. அப்போது வெறும் "ஐ ஆம் சோ சாரி".

நைஜீரியா, கானா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் இந்தப் பயன்பாடு இன்னும் விரிந்து கிடக்கிறது. நீங்கள் படியில் தடுக்கினால், கையிலிருந்து பேனா விழுந்தால், தும்மினால்கூட பக்கத்தில் இருப்பவர் "சாரி" என்பார். அவர் உங்களைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. உனக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற பரிவு, அவ்வளவுதான். அங்கே வேலைக்குப் போன நம் ஆட்களுக்கு முதலில் இது விநோதமாகப் படும். கூர்ந்து பார்த்தால் வார்த்தையின் பழைய பொருளுக்கு இவர்கள்தான் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் ஆங்கிலத்தில் 'சாரி பிசினஸ்' என்று ஒன்று உண்டு. யாராவது இறந்ததும் அந்தச் சமூகம் செய்யும் சடங்குகள், துக்கம் காப்பது எல்லாம் சேர்த்து அந்தப் பெயர். அங்கே ஒருவர் 'சாரி பிசினஸ்' என்று சொல்லி லீவு எடுத்தால் அது வியாபாரமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

பெயருக்கு முன்னால் வந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் "ஐ ஆம் சாரி" என்று வாக்கியத்தின் பின்பகுதியில் வருவது. சாரி ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போய் நின்றால் வருத்தப்படுகிறவர் காணாமல் போய்விடுவார். 'எ சாரி ஸ்டேட்' என்றால் பார்க்கவே சகிக்காத நிலைமை. பராமரிப்பில்லாத நூலகத்தைப் பற்றி "த பில்டிங் இஸ் இன் எ சாரி ஸ்டேட்" என்று எழுதலாம். கட்டடம் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. தமிழில் 'வருந்தத்தக்க நிலை' என்று எழுதுகிறோமே அதேதான். 'எ சாரி சைட்' பரிதாபமான காட்சி, 'எ சாரி டேல்' சோகக் கதை. 'எ சாரி எக்ஸ்க்யூஸ்' என்றால் நொண்டிச் சாக்கு. "எ சாரி எக்ஸ்க்யூஸ் ஃபார் எ டீச்சர்" என்று ஆளைச் சொன்னால் அது நல்ல வசவு: இவனெல்லாம் ஒரு வாத்தியாரா என்று அர்த்தம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஓர் ஆளை 'சாரி' என்று சொன்னாலே ஒன்றுக்கும் உதவாதவன், சோம்பேறி என்ற பொருள் வரும். ஆகவே "ஹி இஸ் எ சாரி மேன்" என்று எழுதிவிட்டு, அவர் வருத்தத்தில் இருக்கிறார் என்று சொன்னதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவரை மட்டம் தட்டியிருக்கிறீர்கள்.

இந்த வகையில் மட்டும்தான் 'சாரியர்', 'சாரியஸ்ட்' என்பவையும் ஓரளவு புழங்கும். மன்னிப்புக்கு நான் 'சாரியர்' என்று யாரும் ஒப்பிட்டுக்கொள்வதில்லை.

காதில் மட்டும் புரியும் சாரிகள்

எழுத்தில் ஒரே மாதிரி இருந்தாலும் குரலில் மூன்று நாலு விதமாகப் பிரியும் சாரிகள் இருக்கின்றன. இவற்றைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது, கவனித்துத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி மாதிரி கடைசியில் குரலைத் தூக்கி "சாரி?" என்றால், நீங்கள் சொன்னது காதில் விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று பொருள். பிரிட்டனில் இது அன்றாடப் பேச்சு. அமெரிக்கர்கள் இதே இடத்தில் "எக்ஸ்க்யூஸ் மீ?" என்றும் சொல்வார்கள். பதிலுக்கு 'நோ ப்ராப்ளம்' என்று சொல்லாமல் சொன்னதையே கொஞ்சம் நிதானமாகத் திரும்பச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் வேகமாகப் பேசுகிற பழக்கம் இருப்பதால் இந்தச் "சாரி?" நமக்கு அடிக்கடி கிடைக்கும், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. நாமும் தயங்காமல் கேட்கலாம், 'வாட்?' என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மரியாதை.

பேச்சின் நடுவில் தன்னைத் திருத்திக்கொள்ள: "த மீட்டிங் இஸ் ஆன் த ஃபிஃப்த், சாரி, த சிக்ஸ்த்". தமிழில் 'ச்சே, இல்ல, ஆறாம் தேதி' என்போம். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, சும்மா தாண்டிப் போகும்.

மறுத்துப் பேச: "ஐ ஆம் சாரி, பட் தட் இஸ் நாட் ட்ரூ". இங்கே வருத்தமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அடி விழப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு மட்டுமே. வழக்கமாக 'ஐம் சாரி' என்று சேர்த்துச் சொல்கிறவர் 'ஐ... ஆம்... சாரி' என்று பிரித்து அழுத்திச் சொன்னால், கோபம் தலைக்கேறி இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். மீட்டிங்கில் இதைக் கேட்டு, மனிதர் இறங்கி வருகிறார் என்று நினைத்து நாம் நம் வாதத்தை இன்னும் பலமாக வைத்தால் முடிந்தது கதை.

மிரட்டவும் சாரி உதவும். "யூ வில் பி சாரி" என்றால் நீ பின்னால் வருந்துவாய். குழந்தைகளிடம் பெற்றோரும், வில்லன்களிடம் ஹீரோவும் சொல்வது. 'பெட்டர் சேஃப் தேன் சாரி' என்ற பழமொழியிலும் இதே பொருள்தான், பிறகு நொந்துகொள்வதைவிட இப்போதே ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. 'வருமுன் காப்போம்' என்பதற்குப் பக்கத்தில் வரும்.

அப்புறம் இந்த இடித்துக்கொள்ளும் சாரி. நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு, தெரியாமல் கால் ஒருவர் மேல் பட்டுவிட்டால் சட்டென்று அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். வாய் பேசாது, கை செய்துவிடும். பிரிட்டனில் அந்த வேலையை வாய்தான் செய்கிறது. இடித்தவர் சாரி என்பார், இடிபட்டவரும் சாரி என்பார். இடிபட்டவர் சொல்வதைக் கேட்டு 'அவரே தப்பை ஒத்துக்கொண்டுவிட்டார்' என்று நகர்ந்துபோவது நாகரிகமில்லை. நீங்களும் ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். கனடாக்காரர்களும் இதில் பேர் போனவர்கள், அவர்கள் உச்சரிப்பில் அது 'சோரி' என்று ஒலிக்கும்.

இங்கேயே 'எக்ஸ்க்யூஸ் மீ' எங்கே, 'சாரி' எங்கே என்ற சந்தேகமும் வரும். பொதுவாக, செய்யப்போவதற்கு முன்னால் 'எக்ஸ்க்யூஸ் மீ', செய்த பின்னால் 'சாரி'. கூட்டத்தில் வழி கேட்க முன்னது, கால் மிதித்த பிறகு பின்னது. பிரிட்டனில் வழி கேட்கவும் "சாரி" என்றே தொடங்குவார்கள், "சாரி, இஸ் எனிவன் சிட்டிங் ஹியர்?" என்று. அங்கே போனால் அங்கே மாதிரி, மற்ற இடத்தில் இந்த விதியே போதும்.

ஒரு வார்த்தைக்காக நாடுகளே மல்லுக்கட்டிய கதை

வருத்தமா மன்னிப்பா என்ற இந்தக் கேள்வி ஏதோ இலக்கண வாத்தியார் வேலை என்று நினைத்தால், 2001 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று அமெரிக்கக் கடற்படையின் இ.பி-3 உளவு விமானமும் சீனாவின் போர் விமானம் ஒன்றும் தென் சீனக் கடலுக்கு மேலே மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் இறந்துபோனார். அடிபட்ட அமெரிக்க விமானம் அனுமதி வாங்காமல் ஹைனான் தீவில் இறங்கியது, அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்துவைத்துக்கொண்டது. மன்னிப்பு கேட்டால்தான் விடுவோம் என்றது சீனா. தப்பு செய்யவில்லை, அதனால் மன்னிப்பு கேட்க மாட்டோம் என்றது அமெரிக்கா.

முட்டுச்சந்தில் நின்ற விவகாரத்தை முடித்துவைத்தது சாரிதான். ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில் 'வெரி சாரி' என்று இரண்டு இடத்தில் வந்தது. விமானியின் சாவுக்கு ஒன்று, வாய்மொழி அனுமதி இல்லாமல் சீன வான்வெளியில் நுழைந்து இறங்கியதற்கு இன்னொன்று. 'அபாலஜி' என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. அமெரிக்கா தன் மக்களிடம் நாங்கள் வருத்தம்தான் தெரிவித்தோம் என்றது, சீனா தன் மக்களிடம் அமெரிக்கா மன்னிப்பு கேட்டது என்று பொருள்படும்படி மொழிபெயர்த்துச் சொன்னது. இரண்டு தரப்பும் வீட்டுக்குப் போய்த் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது, 24 பேரும் ஊர் திரும்பினார்கள். ஆங்கிலத்தில் இப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடிய ஒரு சொல் இருந்தது தற்செயலான அதிர்ஷ்டம்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே பூர்வகுடிக் குழந்தைகளை அரசும் தேவாலயங்களும் குடும்பங்களிடமிருந்து பிரித்தெடுத்த கொடுமை பல பத்தாண்டுகள் நடந்தது. அது பற்றிய விசாரணை அறிக்கை 1997 மே 26 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாளை 'நேஷனல் சாரி டே' என்று கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட் அந்தச் சொல்லை மட்டும் அரசின் பெயரால் சொல்ல மறுத்துவிட்டார். 1999இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தில் 'ரிக்ரெட்' இருந்தது, 'சாரி' இல்லை. 2000 மே 28 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தில் பெருங்கூட்டம் நடந்துபோனபோது மேலே ஒரு விமானம் வானத்தில் புகையால் 'சாரி' என்று எழுதியது. கடைசியில் 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் பிரதமராக நாடாளுமன்றத்தில் எழுந்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

அகராதியில் பார்த்தால் 'ரிக்ரெட்' என்பதும் வருத்தம்தான், 'சாரி'யும் வருத்தம்தான். ஆனால் 'ரிக்ரெட்' ஒரு கோப்பில் எழுதும் வருத்தம், மழை வந்து மேட்ச் நின்றாலும் அதையே எழுதலாம். 'சாரி' என்பதை ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ரயில் நிலையங்களில் 'இன்கன்வீனியன்ஸ் ரிக்ரெட்டட்' என்று எழுதி வைத்திருப்பதைப் படித்து யாருக்காவது மனம் ஆறியிருக்கிறதா?

சாரி சொன்னால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், கோர்ட்டில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் பலருக்கு உண்டு. டாக்டர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ரொம்பவே. இதற்காகவே சில இடங்களில் சட்டம் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மன்னிப்பு கேட்டது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்டாரியோ 2009இலும் 'அபாலஜி ஆக்ட்' என்ற பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தன.

வேலையிடத்தில் எழுதும்போது

நடைமுறைக்கு வருவோம். மெயிலில் சாரி எழுதும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வருத்தம் மட்டும் தெரிவிக்கிறேனா, பொறுப்பும் ஏற்கிறேனா? வருத்தம் மட்டும் என்றால் "ஐ ஆம் சாரி டு ஹியர் தட்" அல்லது "சாரி அபவுட் தட்" போதும். பொறுப்பும் உண்டு என்றால் சாரியை நம்பி அதை விட்டுவிடாதீர்கள், சாரி தன்னால் பொறுப்பைச் சுமக்காது. செயலையும் செய்த ஆளையும் நீங்கள்தான் எழுத வேண்டும். "சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ்" என்று விட்டால் எந்த தொந்தரவு, யாரால் என்றே தெரியாது. "ஐ ஆம் சாரி ஐ சென்ட் யூ த ராங் ஃபைல், த கரெக்ட் ஒன் இஸ் அட்டாச்ட்" என்று எழுதுங்கள். தப்பு என்ன, செய்தது நான், சரிசெய்தாயிற்று என்று மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டது. இப்படி எழுதுகிறவர்மேல் யாருக்கும் ரொம்ப நேரம் கோபம் இருக்காது.

ஒரே மெயிலில் நாலு சாரி வேண்டாம். நம் ஊர் மரியாதைப் பழக்கத்தில், சந்தேகம் கேட்பதற்கு ஒரு சாரி, தாமதத்துக்கு ஒரு சாரி, முடிக்கும்போது 'சாரி ஃபார் த ட்ரபிள்' என்று அடுக்குகிறோம். படிக்கிறவருக்கு இவர் ஏன் இப்படி நடுங்குகிறார் என்று தோன்றும். சந்தேகம் கேட்பது தப்பே இல்லை, அதற்கு சாரி தேவையில்லை, "குட் யூ ப்ளீஸ் கிளாரிஃபை" என்று நேராகக் கேளுங்கள். பதில் போட இரண்டு நாள் ஆகிவிட்டது என்றால் "சாரி ஃபார் த லேட் ரிப்ளை" ஒன்று போதும். இப்போதெல்லாம் இதற்குப் பதிலாக "தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்" என்று எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தாமதம் வாடிக்கையாளரின் அவசர வேலையைக் கெடுத்திருந்தால் இது எரிச்சலைத்தான் கிளப்பும், பொறுமையாக இருந்ததாக அவர் எங்கே சொன்னார்? அந்த மாதிரி நேரத்தில் பழைய சாரியே நல்லது.

பெரிய தவறு, எழுத்துப்பூர்வமாக, கம்பெனி சார்பில் என்றால் 'சாரி'யை விட்டு 'வீ அபாலஜைஸ்' என்று போங்கள். நண்பனிடம் 'ஐ அபாலஜைஸ்' என்று சொல்லாதீர்கள், இன்னும் கோபத்தில் இருக்கிறான் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொள்வான். அவனுக்கு "சாரி டா" போதும்.